செம்பா, ஷவரா? இல்லத்து நீராடலும் இறைநினைவும்

நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை, ஒரு நீராடலின் பயனாக அங்கே அமைந்தது என்பது தலவரலாற்று வழக்கு. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமத்தை ஏந்தி வான்வழியே வந்த ஆஞ்சநேயர், கமலாலயத் தீர்த்தத்தைக் கண்டு இறங்கினார். அங்கே தவமிருந்த மகாலட்சுமித் தாயாரிடம் சாளக்கிராமத்தை ஒப்படைத்துவிட்டு நீராடச் சென்றார். சொன்ன நேரத்தில் அவர் திரும்பாமையால், தாயார் அதைத் தரையில் வைக்க நேர்ந்தது. அது மலையாக வளர, நரசிம்மப் பெருமாள் அதிலே எழுந்தருளினார் என்பர் பெரியோர்.

தீர்த்தத்தில் இறங்கி நீராட விரும்பிய அதே அனுமன், இன்று அப்பெருமாளை நோக்கிக் கைகூப்பியபடி 18 அடி உயரத்தில் நிற்கிறார். அவருடைய திருமேனிக்கு மேலே கூரையில்லை, விமானமும் இல்லை. வெயிலும் மழையும் நேரே அவர்மீது படுகின்றன. குடம் குடமாகப் பாலும் சந்தனமும் சொரிந்து நாள்தோறும் அபிஷேகம் நடக்கிறது. குளத்தில் மூழ்குதல், குடத்தால் ஊற்றப்பெறுதல், வானத்திலிருந்து விழும் தாரையில் நனைதல் ஆகிய மூன்றையும் ஒரே தலத்தில், ஒரே மூர்த்தியின் வரலாற்றில் காண முடிகிறது.

இந்த மூன்றையும் பற்றிய ஒரு சிறிய கேள்வி, இன்று சேலம், நாமக்கல் சமவெளியின் இல்லங்கள்தோறும் எழுகிறது. புதுவீடு கட்டுவோர் குளியலறையில் ஷவர் வைப்பதா, குழாயும் வாளியும் போதுமா என்று கொத்தனாரும் குழாய் வேலைக்காரரும் கேட்கும்போது, வீட்டில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. 'செம்பில் அள்ளி ஊற்றினால்தான் குளித்த நிறைவு' என்பார் பாட்டி. 'திறந்தால் கொட்டுகிறது, நின்றால் போதும்' என்பான் கல்லூரிக்குச் செல்லும் பேரன். 'கோயிலுக்குப் போகுமுன் ஷவரில் குளித்தால் அது ஸ்நானம் ஆகுமா?' என்ற ஐயமும் சில வீடுகளில் எழுவதுண்டு. பொருளற்ற சர்ச்சை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. நாள்தோறும் வழிபாட்டுக்கு முன்னே நிகழும் முதற்செயல் நீராடலே. அது எவ்வாறு அமைகிறதோ அவ்வாறே அன்றைய வழிபாடும் அமைகிறது.

மூன்று வழிகளும் ஆலயத்தில் உண்டு

ஸ்நானத்தைச் சாத்திரங்கள் ஏழாக வகுத்துள்ளன. நீரில் மூழ்குவது வாருணம். வெயில் காயும்போதே பெய்யும் மழையில் நனைவது திவ்யம். திருநீற்றை உடலெங்கும் பூசிக்கொள்வது ஆக்னேயம். பசுக்களின் குளம்படித் தூசி மேலே படுவது வாயவ்யம். தூய மண்ணை இட்டுக்கொள்வது பௌமம். மந்திரம் சொல்லி நீரைத் தெளித்துக்கொள்வது மாந்திரம். இறைவனை உள்ளத்தில் நிறுத்தித் தியானிப்பது மானசம். நோயுற்றோரும் முதியோரும் பயணத்தில் இருப்போரும் தத்தமக்கு இயன்றதைக் கைக்கொள்ளட்டும் என்ற கருணை இந்தப் பகுப்பில் இருக்கிறது. வானிலிருந்து விழும் நீரில் நனைவதும் ஸ்நானமே என்று சொன்ன மரபு, மேலிருந்து பொழியும் நீரை மட்டும் விலக்கி வைக்குமா?

ஆலய நடைமுறைகளும் இதனையே காட்டுகின்றன. பெருந்திருவிழாவின் நிறைவில் நிகழும் தீர்த்தவாரியில் அஸ்திரதேவர் நீரில் மூழ்கி எழுகிறார். பக்தர்களும் உடன் மூழ்குகின்றனர். கும்பாபிஷேகத்தில் கலச நீர் விமானத்தின்மீது ஊற்றப்படுகிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவர். அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் இடையறாது சொட்டிக்கொண்டிருக்கும். அபிஷேகத்தின்போது பல துளைகள் கொண்ட சகஸ்ரதாரைத் தட்டின் வழியாக நீரைப் பொழியச் செய்வதும் உண்டு. ஷவரின் முகத்தை உற்றுப் பார்ப்போர்க்கு அந்தத் தட்டு நினைவுக்கு வரும்.

இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி எழும் அடியார்கள், ஈர உடையுடன் கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களில் நீராடுகின்றனர். அங்கே கிணற்றில் யாரும் இறங்குவதில்லை. மேலே நிற்பவர்கள் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகின்றனர். பாரதமெங்கும் போற்றப்படும் அந்தத் தீர்த்தமாடல், வாளியும் கைவலிமையும் கொண்டே நிறைவேறுகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலோ வழி வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, ஆகாய கங்கை அருவியில் நனைந்து, மீண்டும் ஏறி அறப்பளீசுவரரைத் தரிசிக்கின்றனர் அடியார்கள். அருவிக்கு அந்தப் பெயர் தானே அமைந்திருக்கிறது. வானத்திலிருந்து இறங்கிய கங்கையைச் சிவபெருமான் தலையில் தாங்கினார் என்றால், தாரையாக விழும் நீரைத் தலையில் ஏற்பது நமது மரபுக்குப் புதியது அன்று.

ஆகவே ஷவரில் குளிப்பது ஸ்நானம் ஆகுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. எண்ணிப் பார்க்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு நீரில் குளிக்கிறோம், என்ன நினைவோடு குளிக்கிறோம் என்பவையே அவை. இந்த இரண்டிலும் செம்புக்கும் ஷவருக்கும் வேறுபாடு உண்டு.

ஆற்றிலிருந்து அறைக்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் நீராடல் என்பது நெடுங்காலம் வீட்டுக்கு வெளியே நிகழ்ந்த செயல். காவிரிக் கரையூர்களான பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் ஆகியவற்றில் ஆறே குளிக்குமிடம். கரையிலிருந்து தொலைவாக மானாவாரி நிலங்களின் நடுவே இருந்த ஊர்களில் தோட்டத்துக் கிணறும், கமலை இறைக்கும்போது வாய்க்காலில் ஓடிய நீருமே குளியலிடங்கள். வீட்டின் புழக்கடையில், கொங்கு வழக்கில் பொடக்காளி எனப்படும் இடத்தில், ஒரு துவைகல்லும் அண்டாவும் செம்பும் இருக்கும். ஓலைத் தடுக்கு மறைப்பாக நிற்கும்.

ஆடி 18 அன்று மட்டும் ஊர்கள் காவிரியை நோக்கிப் பெயர்ந்தன. மேட்டூரில் 1925 முதல் 1934 வரை அணை கட்டப்பட்ட பின்னர், நீர் எப்போது வரும் என்பதை மதகுகளும் நிர்ணயிக்கலாயின. ஆயினும் பெருக்கன்று காவிரியில் முழுகி, அணைக்கட்டு முனியப்பனை வணங்கி, புதிய மஞ்சள் கயிறு அணியும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கும்போது மோகனூருக்கோ பரமத்தி வேலூருக்கோ சென்று தீர்த்தக்குடம் எடுத்து வருவதும் அவ்வாறே.

இன்னொரு நதியின் கதை வேறாயிற்று. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரினூடே சுகவனேசுவரர் ஆலயத்தின் அருகாகப் பாய்ந்து, உத்தமசோழபுரம் கரபுரநாதரைக் கடந்து, நன்செய் இடையாற்றில் காவிரியுடன் கலக்கிறது. கரையோரம் பழைமையான சிவாலயங்கள் அமைந்த அது புனித நதியாகப் போற்றப்பட்டது. இன்று சேலம் நகரத்துக் கழிவுநீரும் சாயநீரும் சேர்ந்து அது கறுத்து ஓடுகிறது. கரையில் நிற்கும் அடியார் அதில் காலை நனைக்கவும் தயங்குகிறார். பெயரில் திருவும் மணியும் முத்தும் கொண்ட ஆறு, நீராட உதவாமற் போனது.

ஆற்றங்கரை போனபின் ஆழ்துளைக் கிணறு வந்தது. இதில் திருச்செங்கோட்டுக்குத் தனியிடம் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த துளையிடும் வண்டிகள் நாடெங்கும் சென்று நிலத்தைத் துளைக்கின்றன. ஆயிரம் அடியைத் தாண்டியும் நீரைத் தேடும் காலம் இது. அதே ஊரின் மலைமேல் அர்த்தநாரீசுவரரின் திருவடியருகே தேவதீர்த்தம் தானாகச் சுரக்கிறது. அடியார்களுக்கு அது கரண்டியளவே பிரசாதமாகக் கிடைக்கிறது. அவர்களும் ஒரு துளி சிந்தாமல் இரு கைகளாலும் ஏந்திக்கொள்கின்றனர். அந்தக் கைகளே வீடு திரும்பியதும் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதுதான் வியப்பு.

குளியல் அறைக்குள் வந்ததை இழப்பென்று மட்டும் சொல்வது நியாயமாகாது. பெண்கள் விடியுமுன் இருட்டிலே ஆற்றுக்கும் கிணற்றடிக்கும் சென்று, யாரேனும் வருமுன் அவசரமாகக் குளித்துத் திரும்பிய காலம் அது. மழையிலும் மார்கழிப் பனியிலும் கர்ப்பிணிகளும் முதிய பெண்களும் பட்ட இன்னலைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். தாழ்ப்பாள் இட்ட அறையும் வெந்நீரும் அவர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. வேண்டிய நேரத்தில் நீராடி நிம்மதியாகப் பூசையறைக்குச் செல்லும் உரிமையை அந்த அறை அவர்களுக்கு அளித்தது.

யாருக்கு எது உகந்தது?

ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒருவர் விருப்பம் மாறுபடக் காரணம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்போர் பெரும்பாலும் செம்பையே நாடுவர். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வகுக்கப்பட்ட எண்ணெய் நீராட்டில், கொங்குப் பகுதியினர் உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பைப் பயன்படுத்துவர். அரப்பும் சீயக்காயும் மெல்லிய தாரையில் எளிதிற் போவதில்லை. ஒரு கை கூந்தலைப் பிரிக்க, மறுகை செம்பால் நீரை வீசி ஊற்றினால்தான் எண்ணெய்ப் பிசுக்கு அகலும். நீண்ட கூந்தலுடைய பெண்கள் இதனை நன்கறிவர்.

இந்தச் சமவெளியின் நிலத்தடி நீரும் ஷவருக்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. சுண்ணாம்புப் படிவு ஷவரின் நுண்துளைகளை அடைத்துவிட, ஆறே மாதத்தில் தாரை நாலாபுறமும் சிதறுகிறது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் துளைகள் மீண்டும் திறக்கும். மேல்நிலைத் தொட்டி மாடியிலேயே இருந்தால் உயரம் குறைவாதலால் நீரின் விசையும் குறைவு. அப்போது தாரை சொட்டாகிவிடும். விசைக்காகத் தனி மோட்டார் வைப்போரும் உளர். அதன்பின் நீர்ச்செலவு அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே ஏறுகிறது.

மறுபுறம், ஷவரே உகந்த சிலர் உண்டு. தோள்பட்டை இறுகியோர்க்குச் செம்பைத் தலைக்குமேல் தூக்குவது வேதனை. முழங்கால் வலியுள்ளோர்க்குக் குனிந்து வாளியில் அள்ளுவது கடினம். அத்தகைய முதியோர்க்கு, உறுதியான முக்காலியில் அமர்ந்து, கையில் பிடிக்கும் நீண்ட குழாயுடைய ஷவரால் நனைத்துக்கொள்வது பெரும் உதவி. சுவரில் ஒரு பிடிகம்பியும் தரையில் வழுக்காத விரிப்பும் இருந்தால் இன்னும் நல்லது. எண்ணெய் படிந்த தரையில் தாத்தா வழுக்கி விழுந்தால், அதன்பின் அவர் கோயிலுக்கு நடந்து செல்லும் நாள்களே குறைந்துவிடும். அந்த இல்லத்தில் ஷவர் ஆடம்பரப் பொருளாகாது. முதியவரின் நித்திய வழிபாட்டைக் காக்கும் கருவி அது.

மேலைநாட்டாரின் தொட்டிக் குளியல் நம் வீடுகளில் வேரூன்றவில்லை. உடலைக் கழுவிய நீரிலேயே படுத்திருப்பது நமது மனத்துக்கு ஒவ்வாதது அதற்கொரு காரணம். நாம் மூழ்குவது ஓடும் ஆற்றிலும் பரந்த குளத்திலும்தான். சப்பானியர் வெந்நீர்த் தொட்டியில் அமர்வதைப் பெரிதும் விரும்புவர். ஆனால் அதில் இறங்குமுன் சிறு முக்காலியில் அமர்ந்து, நீரை ஊற்றி உடலை முழுதும் கழுவிக்கொள்வர். பின்னரே தொட்டி. அதே நீரை வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்துவதால் அதில் அழுக்குச் சேர்க்கலாகாது என்பது அவர்கள் நெறி. திருக்குளத்தில் சோப்புப் போடலாகாது, அழுக்குத் துணி துவைக்கலாகாது என்று நம் ஆலயங்களில் எழுதி வைத்திருப்பதும் அதே நெறியே.

நீரின் கணக்கு

நீரைக் கணக்கிடும்போது செம்பின் பெருமை விளங்கும். சாதாரண வாளி ஒன்றில் 15 முதல் 20 லிட்டர் நீர் கொள்ளும். நிறைவாகக் குளிப்பவருக்கு ஒரு வாளியோ ஒன்றரை வாளியோ போதும். தலைக்குக் குளிக்கும் நாளில் இரண்டு. ஷவரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் என்று கொண்டால், பத்து நிமிடத்தில் 90 லிட்டர் செலவாகிறது. நால்வர் உள்ள வீட்டில் அது 360 லிட்டர். வாளியில் ஆளுக்கு 30 லிட்டர் என்றாலும் நால்வருக்கும் 120 லிட்டரே ஆகும். வெந்நீராக இருப்பின், மும்மடங்கு நீரைச் சூடாக்க மும்மடங்கு மின்சாரமோ விறகோ வேண்டும்.

நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்திய நாட்டின் திட்ட அளவு. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமப்புற வீடுகளுக்கு ஆளுக்கு 55 லிட்டர் வழங்குவதே இலக்கு. சமையல், குடிநீர், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல், குளியல் யாவும் அந்த 55 லிட்டருக்குள் அடங்க வேண்டும். பத்து நிமிடம் ஷவரில் நிற்பவர், இன்னொருவரின் ஒன்றரை நாள் பங்குக்கும் மேற்பட்ட நீரை உடலின்மேல் வழியவிடுகிறார்.

2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் கடும் வறட்சியில் சிக்கியபோது, ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அரசு வரம்பிட்டது. ஷவரில் இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்க வேண்டாம் என்று மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். காலடியில் வாளியை வைத்து, வழியும் நீரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தினர். செல்வம் மிக்க அந்நகரத்தார் வறட்சியால் கற்ற பாடத்தை, தண்ணீர் வண்டிக்குக் குடத்துடன் வரிசையில் நின்ற நம் தாய்மார்கள் முன்பே அறிந்திருந்தனர்.

செம்பைக் கையில் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் நீரைப் பார்க்கிறார். வாளியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கண் காண்கிறது. அடுத்து வருபவர்க்கு வேண்டுமே என்ற எண்ணமும் எழுகிறது. ஷவரின் கீழே கண்ணை மூடி நிற்பவருக்கு அந்தக் காட்சி இல்லை. தொட்டி வற்றிக் குழாய் சீறும்போதுதான் நீரின் நினைவு வருகிறது. செம்புக்கும் ஷவருக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இதுவே.

பாத்திரத்தில் வந்து அமரும் நதிகள்

நினைவைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. நீராடுமுன் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என ஏழு நதிகளை அழைத்து, பாத்திரத்து நீரில் வந்து அமருமாறு வேண்டுவது பாரதமெங்கும் உள்ள வழக்கம். கங்கைக்குச் செல்ல இயலாதவர் வீட்டில் இருந்தபடியே கங்கையில் நீராடும் பேற்றை இது அளிக்கிறது. வாளி நிறைய நீர் எதிரே இருக்கும்போது, வலக்கையை அதன்மேல் வைத்து ஒரு கணம் நதிகளை நினைப்பது எளிது. நீர் நிற்கிறது, மனமும் அதனுடன் நிற்கிறது. ஷவரிலோ திறந்த மறுகணமே நீர் ஓடி மறைகிறது. நினைக்க விரும்புவோரும் நினைக்குமுன் நனைந்துவிடுகின்றனர்.

சேலம் மாநகரில் குழாயைத் திறப்பவருக்கு இந்த வேண்டுதல் வெறும் பாவனையும் அன்று. அந்நகருக்கு வரும் குடிநீர் மேட்டூர்க் காவிரியே. நாமக்கல் மாவட்டத்தின் பல ஊர்களுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியே காவிரிதான் வருகிறாள். ஆடி 18-க்குப் பேருந்து ஏறிச் சென்று முழுகும் அதே நதி, நாள்தோறும் குளியலறைக் குழாயில் வந்து நிற்கிறாள். ஏழு நதிகளில் ஒருத்தியை அழைக்கவே வேண்டியதில்லை. வந்திருப்பவளை அறிந்துகொண்டால் போதும். அறிந்தவர் குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகமாட்டார்.

வெள்ளம் கரைபுரண்டதால் 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் ஆடிப்பெருக்கின்போது காவிரிக் கரையின் பல இடங்களில் ஆற்றில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. நீர் வற்றிய ஆண்டுகளில் முழுகுவதற்கு நீரே இருந்ததில்லை. இரு நிலைகளிலும் படித்துறைகளில் குழாய்களை நிறுத்தி, ஷவர் அமைத்து அடியார்களை நீராடச் செய்யும் வழக்கம் வந்துவிட்டது. வரிசையில் நின்று, தாரையின்கீழ் ஒரு நிமிடம் கைகூப்பி, 'காவிரித் தாயே' என்று வணங்கி, அடுத்தவர்க்கு வழிவிட்டு நகர்ந்தனர் மக்கள். அங்கே ஷவர் தீர்த்தமாயிற்று. காரணம், பின்னால் நிற்பவரை நினைத்து அளவோடு நனைந்தனர். முன்னால் ஓடும் நதியை நினைத்துப் பக்தியோடு நனைந்தனர்.

இல்லத்தில் கைக்கொள்ளத்தக்கவை

செம்பை விரும்புவோர் செம்பையே தொடரலாம். வாளியை நிரப்பிக் குழாயை மூடிவிட்டு நீராடத் தொடங்குவது நல்லது. குழாய் ஓடிக்கொண்டிருக்கச் செம்பில் ஊற்றினால் கணக்கு ஷவரையும் மிஞ்சிவிடும். முதற்செம்பைக் காலில் ஊற்றி, பிறகு முழங்கால், இடுப்பு, தோள், தலை என்று மேலேறுவது பெரியோர் வழக்கம். குளிர்ந்த நீர் திடீரெனத் தலையிலும் மார்பிலும் பட்டால் நாடி படபடக்கும். இதய நோயுள்ள முதியோர்க்கு அது நல்லதன்று.

ஷவரை விரும்புவோர்க்கும் வழி உண்டு. குளியலறையில் ஒரு சிறு செம்பு இருக்கட்டும். அதில் நீரைப் பிடித்து, நதிகளை நினைத்து, முதலில் அதனைத் தலையில் தெளித்துக்கொண்ட பின்பு ஷவரைத் திறக்கலாம். உடல் நனைந்ததும் மூடிவிட்டு, சோப்போ கடலைமாவோ தேய்த்து முடித்தபின் மீண்டும் திறந்தால் மூன்று நிமிடத் தாரையே போதுமானது. அது 27 லிட்டர். ஏறத்தாழ வாளிக் கணக்குக்கு இறங்கிவிடும். வெந்நீர் வருமுன் வீணாக ஓடும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்து வைத்தால், வாசல் தெளிக்க உதவும்.

குழந்தைகளுக்கு இரண்டையும் பழக்கலாம். செம்பில் குளிக்கும் குழந்தை அளவைக் கற்கிறது. எண்ணெய் தேய்த்த சனிக்கிழமையில் பேரனை முக்காலியில் அமர்த்தி, பாட்டி தன் கையால் நீர் ஊற்றும்போது, அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது ஒரு நீராட்டு. அபிஷேகத்துக்கும் திருமஞ்சனத்துக்கும் தமிழில் வழங்கும் சொல்லும் அதுவே. தானே குளிப்பது நீராடல். பிறர் அன்போடு குளிப்பாட்டுவது நீராட்டல். வீட்டில் நோயுற்ற முதியவரைக் குளிப்பாட்டுவோர், கருவறையில் அர்ச்சகர் ஆற்றும் அதே பணியைத் தம் இல்லத்தில் ஆற்றுகின்றனர். அவர்கள் கையில் செம்பு இருந்தாலும் கைக்குழாய் இருந்தாலும் பலன் ஒன்றே.

குளித்த நீர் எங்கே செல்கிறது என்பதையும் எண்ண வேண்டும். பழைய பொடக்காளியில் துவைகல்லின் ஓரத்திலிருந்து சிறு வாய்க்கால் ஒன்று வாழைக்கும் தென்னைக்கும் சென்றது. அரப்பும் சீயக்காயும் கலந்த நீரைக் குடித்து வாழை தழைத்தது. அதன் இலை விருந்துக்கும், பழமும் தேங்காயும் கோயில் அர்ச்சனைத் தட்டுக்கும் சென்றன. இன்றைய வீடுகளில் அந்த நீர் நேரே சாக்கடைக்குப் போய், இறுதியில் திருமணிமுத்தாறு போன்றதோர் ஆற்றையே சேர்கிறது. சிறிது மண் உள்ள வீட்டார், கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் குளியல் நீரை மட்டும் பிரித்து இரண்டு வாழைக்கு விடலாம். அந்த வாழை குலை தள்ளும்போது முதற்சீப்பை ஆஞ்சநேயருக்கோ அம்மனுக்கோ எடுத்துச் செல்லலாம். காலையில் நீராடிய நீர், அவ்வாறு கனியாகித் திருவடியைச் சேரும்.